பெட்டி எங்கே பிறந்தது? கிள்ளான் ஆற்றிலிருந்து பிறப்பிடச் சான்றிதழ் வரை



இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் எஸ்.பி.எம். முடித்து, கிள்ளானில் ஒரு போர்வார்டிங் அலுவலகத்தில் கிராணி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒருநாள் மத்தியானம் அழைத்தான். "டீச்சர், ஒரு பாரம் நிரப்பச் சொல்றாங்க. பெட்டியெல்லாம் வேற நாட்டிலேருந்து வந்தது. இங்க ஸ்டிக்கர் மட்டும்தான் மாத்துறாங்க. ஆனா பாரத்துல நாடு மலேசியான்னு போடணுமாம். போடலாமா?"

போடாதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதெல்லாம் கணக்கியல் ஆசிரியரின் சங்கதி என்றுதான் இத்தனை நாளும் எண்ணம். தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இது நம்முடைய வரலாற்றுப் பாடம், அதுவும் கிள்ளானின் வரலாற்றுப் பாடம் என்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் படித்து முடித்ததும் துறைமுகம், கிடங்கு, போர்வார்டிங் என்று வேலைக்குப் போகிறார்கள்! அவர்கள் பேனா பிடிக்கப்போகும் தாளைப் பற்றியதுதான் இது.

ஆற்றிலிருந்து தொடங்குவோம். லிட்டில் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள், ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் கெடோங் ராஜா அப்துல்லா என்ற பழைய கட்டடத்தைப் பார்க்கலாம். 1850களில் ராஜா அப்துல்லா கட்டிய ஈயக் கிடங்கு அது. உள்நாட்டில் தோண்டிய ஈயம் ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். ஆகவே ஆற்றின் வாயைப் பிடித்து வைத்திருப்பவர் கையில்தான் வரி. 1866-இல் அந்த வரியை வசூலிக்கும் உரிமை சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ஹென்றி ரீட், டான் கிம் சிங் இருவருக்கும் குத்தகைக்குப் போனது. மறுவருடம் ராஜா மஹ்டியிடம் அபினுக்கு வரி கேட்டார்கள். அவர் கட்ட மறுத்தார். நான் அரச குடும்பத்தில் பிறந்தவன், என்னிடம் வரி கேட்பதா என்பதுதான் அவர் வாதம். அதிலிருந்து வெடித்த சண்டைதான் நீங்கள் பாடத்தில் படிக்கும் கிள்ளான் போர். 1873 வரை இழுத்தது. அதன் புகை அடங்குமுன் பிரிட்டிஷார் உள்ளே வந்துவிட்டார்கள்.

தேர்வில் இந்தப் போருக்குக் காரணம் கேட்டால் அதிகாரப் போட்டி என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் இன்னொன்றைக் கவனிக்கச் சொல்வேன். ராஜா மஹ்டி வரியே கூடாது என்று சொல்லவில்லை. தன் பிறப்பைச் சொல்லித் தனக்கு விலக்கு கேட்டார். அன்று ஆள் தன் பிறப்பைக் காட்டி விலக்கு கேட்டார். இன்று பெட்டி தன் பிறப்பைக் காட்டி விலக்கு கேட்கிறது. தடையற்ற வாணிப ஒப்பந்தம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்: எங்கள் கூட்டத்தில் பிறந்த பொருளா, வரி குறைவு; வெளியே பிறந்ததா, முழு வரி. அப்படியானால் எல்லாப் பெட்டியும் உள்ளே பிறந்ததாகச் சொல்லத்தானே பார்க்கும்?

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1901-இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. 1972-இல்தான் அது கிள்ளான் துறைமுகம் ஆனது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பாக வளர்ந்ததும், தண்டவாளம் போட்டதில் நம்மவர் பங்கும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதை விட்டு ரப்பருக்கு வருகிறேன். ஏனென்றால் பிறப்பிடத்தை மாற்றிச் சொல்லும் வித்தையை இந்த நாட்டில் பெரிய அளவில் காட்டிக்கொடுத்தது ரப்பர்தான்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு, கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர். விலையைத் தூக்கி நிறுத்த லண்டனில் ஒரு திட்டம் போட்டார்கள். சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையிலான குழு சொன்னதால் ஸ்டீவன்சன் திட்டம் என்று பெயர். 1922 நவம்பர் 1 அன்று மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. 1920 அக்டோபரோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் ஒரு தோட்டம் எவ்வளவு ரப்பர் எடுத்ததோ, அதை அடிப்படையாக வைத்து ஓர் அளவு குறித்தார்கள். தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டை மட்டும் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். அதைத் தாண்டினால் கட்டுப்படியாகாத வரி. யாருக்கு எவ்வளவு உரிமை என்பதற்குக் கூப்பன் கொடுத்தார்கள்.

திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சேரவில்லை. டச்சுக்காரர்கள் ஆண்ட சுமாத்திராவிலும் ரியாவ் தீவுகளிலும் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. ஒரு வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: ஜொகூர் கரையிலிருந்து ரியாவ் தீவுகளுக்கு எவ்வளவு தூரம்? சிறு படகு போதும். மலாயா ரப்பர் இரவோடு இரவாக அங்கே போகும். அங்கிருந்து டச்சு ரப்பர் என்ற பெயரோடு சிங்கப்பூருக்குள் வரும். சிங்கப்பூரோ வரியில்லாத் துறைமுகம். டச்சுத் தீவுகளின் ஈர ரப்பரை வாங்கிச் சுத்தம் செய்து மறுபடி அரைத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. உருளையில் ஒருமுறை போய்வந்த ரப்பர் எந்த மரத்தில் வடிந்த பால் என்று யார் சொல்ல முடியும்?

இதில் யாருக்கு அடி என்று பாருங்கள். பெரிய தோட்டங்களிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. எடுத்த ரப்பருக்கு ஆதாரம் காட்டினார்கள், அளவு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரரிடம் என்ன கணக்கு இருக்கும்? நிலத்தின் பரப்பைப் பார்த்து அதிகாரிகள் குத்துமதிப்பாக அளவு போட்டார்கள். அது உண்மையான விளைச்சலைவிடக் குறைவாகவே அமைந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். ஆக, தாள் இருந்தவன் தப்பித்தான். தாள் இல்லாதவன் ரப்பர் அவன் சொந்த மரத்தில் வடிந்தாலும் சட்டத்தின் கண்ணில் கூடுதல் ரப்பர்தான். (தாள் இல்லாமல் பிறந்த மண்ணிலேயே அந்நியராக நின்ற நம் தோட்டத்து மக்களின் ஞாபகம் எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும். அது தனிக் கட்டுரை.)

1925-இல் ரப்பர் விலை ராத்தலுக்கு 4 ஷில்லிங்கைத் தாண்டியது. அமெரிக்கா கோபப்பட்டது, டச்சுப் பகுதியில் புதிய மரங்கள் பெருகின. 1928 நவம்பர் 1 அன்று திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 1934-இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கை வந்தபோது டச்சுக்காரர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதாவது, பக்கத்து வீட்டுக்கு வேறு விதி இருந்தால் வேலி நிற்காது என்பதை ஆறு வருடம் அடிபட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இனி நம் காலம். 1992 ஜனவரி 28 அன்று சிங்கப்பூரில் ஆசியான் நாடுகள் தடையற்ற வாணிப வட்டார உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2009-இல் அதை விரித்து எழுதி, ஆசியான் பொருள் வாணிப ஒப்பந்தம் என்று ஆக்கினார்கள்; 2010 மே மாதம் அமலுக்கு வந்தது. அதே 2010 ஜனவரி 1 முதல் மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஆசியான்-இந்தியா ஒப்பந்தம். பின்னர் 2011 ஜூலை 1 முதல் மலேசியா-இந்தியா இருதரப்பு ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் பிறப்பிடத்தைத் தீர்மானிக்கும் விதிகள் தனித்தனி, சான்றிதழும் தனித்தனி. ஆசியானுக்குள் போக 'பாரம் டி', ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தில் 'பாரம் ஏ.ஐ.'

விதி என்ன சொல்கிறது? கேமரன் மலைத் தேயிலை மாதிரி முழுக்க இங்கேயே விளைந்தது என்றால் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் பாதி அங்கே, பாதி இங்கே செய்த பொருளில். அதற்கு இரண்டு அளவுகோல்கள். ஒன்று, மதிப்பு. கப்பலில் ஏற்றும்போது பொருளின் விலை 100 ரிங்கிட். அதில் வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் விலை 58 ரிங்கிட் என்றால் மிச்சம் 42. இந்த 42 விழுக்காடுதான் வட்டார மதிப்பு. ஆசியானுக்குள் 40 வேண்டும், தேறிவிட்டது. மற்றொன்று, குறியீட்டு எண். உலகச் சுங்கத்துறைகள் 1988 முதல் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி ஆறு இலக்க எண் வைத்திருக்கின்றன. உள்ளே வந்த மூலப்பொருளின் எண்ணும், செய்து முடித்த பொருளின் எண்ணும் வேறாகிவிட்டால், உண்மையில் இங்கே ஏதோ செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஆசியானில் பொதுவாக இரண்டில் ஒன்று போதும். பொருளுக்குப் பொருள் தனி விதியும் உண்டு. ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தில் மதிப்பு 35 விழுக்காடு இருந்தால் போதும், ஆனால் எண்ணும் கூடவே மாறியிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். வட்டார மதிப்பு 37 விழுக்காடு உள்ள ஒரு மின்விசிறி மதிப்புக் கணக்கை மட்டும் பார்த்தால் தாய்லாந்துக்குப் போகும்போது ஆசியான் பொருள் இல்லை. சென்னைக்குப் போகும்போது தேறிவிடும். அதே விசிறிதான். பிறப்பிடம் என்பது மண்ணில் எழுதியிருப்பதல்ல, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்போ யாரு டீச்சர் அதோட உண்மையான அம்மா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் இல்லை.

ஆனால் எல்லா ஒப்பந்தங்களும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கழுவுவது, பிரிப்பது, பெட்டி மாற்றுவது, லேபிள் ஒட்டுவது போன்ற சில்லறை வேலைகளால் மட்டும் பொருள் புதிதாகப் பிறந்துவிடாது. என் மாணவனின் கேள்விக்கு விடை இந்த ஒரு விதியிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் ஸ்டிக்கர் மாற்றுவதே குற்றமா? இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 1990-ஆம் ஆண்டின் தடையற்ற மண்டலச் சட்டப்படி நம் நாட்டில் தடையற்ற வணிக மண்டலங்கள் இருக்கின்றன. கிள்ளான் துறைமுகத்திலும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கை அங்கே இறக்கி, பிரித்து, தரம் பார்த்து, பெட்டி மாற்றி, லேபிள் மாற்றி, மறுபடி கப்பலேற்றலாம். நூற்றுக்கு நூறு சட்டபூர்வமான தொழில். 2024-இல் கிள்ளான் துறைமுகம் கையாண்டது 20 அடிக் கொள்கலன் கணக்கில் 14 மில்லியனுக்கும் மேல். அதில் பெரும்பகுதி இப்படி இறங்கி ஏறும் சரக்கு. அந்த வேலையில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு. அடுப்பில் சோறு வேகிற இடமும் தீப்பிடிக்கிற இடமும் ஒன்றுதான்: லேபிள் மாற்றுவது தொழில், மாற்றிய லேபிளைக் காட்டிப் பிறப்பிடத் தாளில் மலேசியா என்று எழுதுவது குற்றம். 1967 சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு பொய் அறிவிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

இதில் நம் நாடு சந்தித்த ஒரு பெரிய வழக்கைப் பாடமாகச் சொல்லலாம். பொருள் என்ன தெரியுமா? திருகாணி. போல்ட், ஸ்குரூ.

2009 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவிலிருந்து வரும் இரும்புத் திருகாணிகள் மீது பொருள்குவிப்புத் தடை வரி போட்டது. மலிவாகக் கொண்டுவந்து கொட்டி உள்ளூர்த் தொழிலை அழிப்பதைத் தடுக்கப் போடும் வரி இது. அதிகபட்சம் 85 விழுக்காடு. அதாவது 100 யூரோ சரக்குக்கு 85 யூரோ கூடுதல். கொஞ்ச நாளிலேயே சீனத் திருகாணி குறைந்தது, மலேசியாவிலிருந்து போகும் திருகாணி திடீரென்று ஏறியது. ஐரோப்பிய அதிகாரிகள் விசாரித்தார்கள். சீனச் சரக்கு மலேசியா வழியாகச் சுற்றிப் போகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2011 ஜூலையில் ஓர் ஆணை பிறந்தது: மலேசியாவிலிருந்து அனுப்பப்படும் திருகாணிகளுக்கும் அதே வரி, அது மலேசியாவில் பிறந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அந்தக் கடைசி வாசகத்தை இன்னொரு தடவை படியுங்கள். மலேசியாவில் பிறந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் சரி. ஒரு நாட்டின் சான்றிதழுக்கு இனி மதிப்பில்லை என்று சொல்வதற்கு இதைவிட நாசூக்கான வழி கிடையாது. இங்கே பல காலமாக உண்மையாகவே இரும்புக் கம்பி வாங்கி, வெட்டி, தலை அடித்து, மரை போட்டு, முலாம் பூசிய தொழிற்சாலைகள் இருந்தன. நாங்கள் சுற்றிவிடுகிறவர்கள் இல்லை என்று அவர்கள் தனித்தனியாக மனுப் போட்டு, கணக்குக் காட்டி, சோதனைக்கு உட்பட்டு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. சிலருக்குக் கிடைத்தது. விலக்கு கேட்கும் அளவுக்கு ஆளும் வழக்கறிஞரும் இல்லாத சிறு பட்டறை என்ன செய்யும்? 1922-இல் கணக்குப் புத்தகம் இல்லாத சிறு தோட்டக்காரன் நின்ற அதே இடத்தில் நிற்கும்.

பிறகு சீனா உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றதால் 2016 பிப்ரவரியில் மூல வரியையே ஐரோப்பா ரத்து செய்தது. அதோடு மலேசியா மீதான நீட்டிப்பும் போனது. 2012 ஜூலையில் கண்ணாடி இழை வலைத்துணிக்கும் இதே கதை நடந்தது. மலேசியாவிலிருந்து அனுப்பினால் சீன வரி. ஒரு தடவை என்றால் விபத்து என்று சொல்லலாம்.

தேன் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். 2001-இல் அமெரிக்கா சீனத் தேன் மீது இதே மாதிரி வரி போட்டது. தேன் சுற்றத் தொடங்கியது. 2010-இல் சிகாகோவில் ஒரு கும்பல் மீது குற்றச்சாட்டு பதிவானது; ஏய்த்த வரி ஏறக்குறைய 8 கோடி டாலர். தேன் வந்ததாகப் பொய்யாகக் காட்டிய நாடுகளின் வரிசையில் இந்தியா, இந்தோனேசியா, தாய்லாந்தோடு மலேசியாவும் இருந்தது. தேனில் மகரந்தம் இருக்கும். எந்த நாட்டுப் பூ என்று நிபுணர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள். அதனால்தான் மகரந்தத்தையே வடிகட்டி எடுத்த தேன் என்றால் சந்தேகப்படுகிறார்கள். திருகாணிக்கு மகரந்தம் ஏது? அதற்குத் தாள் ஒன்றுதான் சாட்சி.

நம் சமையலறைக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் மிளகுப் பொட்டலம் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'விளைந்த நாடு' என்பதும் 'பொட்டலமிட்ட இடம்' என்பதும் ஒன்றல்ல. வகுப்புக்கு நான்கைந்து பொட்டலங்களைக் கொண்டுபோனால் ஒரு பாடவேளை கலகலப்பாக ஓடும்; நான் செய்து பார்த்தேன்.

மிளகுக்கு இந்தியாவின் பொது இறக்குமதி வரி 70 விழுக்காடு. ஆனால் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட அளவு இலங்கை மிளகு வரியில்லாமல் உள்ளே வரலாம். வியட்நாமிலோ மிளகு மலிவு. முக்கோணம் தெரிகிறதா? ரியாவ் தீவுகளின் இடத்தில் கொழும்பை வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் மிளகு இலங்கை மிளகாகி இந்தியாவுக்குள் வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் பல வருடம் கூப்பாடு போட்டார்கள். 2017 டிசம்பரில் இந்தியா, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று போட்டது. அது வேலியைத்தான் உயர்த்தியது. மாத்தளையில் உண்மையாகவே கொடி ஏற்றி மிளகு பறிக்கிறவருக்கும் அதே வேலிதானே? இலங்கையிலும் விவசாயிகள் கோபப்பட்டார்கள். தங்கள் மிளகின் பெயர் கெடுகிறது என்று. 2019 இறுதியில் மிளகு உள்ளிட்ட வாசனைப் பொருள்களைக் கொண்டுவந்து மறுஏற்றுமதி செய்வதை அந்நாட்டு அரசு தடை செய்தது.

மிளகில் குறியீட்டு எண் விதி எப்படி ஏமாறும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. முழு மிளகுக்கு எண் 0904.11. அரைத்துவிட்டால் 0904.12. ஓர் அரவை இயந்திரம் எண்ணை மாற்றிவிடும்! அதனால்தான் மதிப்புக் கணக்கையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அதே இலங்கை ஒப்பந்தத்தில் நம் நாட்டுச் செம்பனையும் ஒரு பாத்திரம். 2000களின் தொடக்கத்தில் இந்தியாவில் செம்பனை எண்ணெய்க்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து எண்ணெயை இலங்கைக்குக் கொண்டுபோய், அங்கே வனஸ்பதி ஆக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் முளைத்தன. இது ஏய்ப்பா? எண்ணெயைக் கட்டியாக்குவது உண்மையான உற்பத்தி வேலைதான்; விதி கேட்ட மதிப்பும் காட்டப்பட்டது. வரி ஏய்ப்பு வேறு, வரி தவிர்ப்பு வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இந்தியா பிறகு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வைத்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வரி வித்தியாசத்தை நம்பிக் கட்டிய கட்டடம் அது, வித்தியாசம் போனதும் கட்டடமும் போயிற்று. அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றி எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை.

இப்படி அடிபட்டதால் இந்தியா 2020 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. இறக்குமதி செய்பவர் சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. பொருள் எப்படிச் செய்யப்பட்டது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும். ஆகவே சென்னை வணிகர் கிள்ளான் ஏற்றுமதியாளரைக் கேள்வி கேட்பார். அவர் தன் கிராணியைக் கேட்பார்.

2025-இல் இது நம் வீட்டுச் செய்தியாகவே ஆனது. ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா நாட்டுக்கு நாடு வேறு வேறு வரியை அறிவித்தது. நாட்டுக்கு நாடு வரி வேறானால் என்ன நடக்கும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். நம் முதலீட்டு, வாணிப, தொழில்துறை அமைச்சான மித்தி உடனே விழித்துக்கொண்டது. ஒப்பந்தச் சலுகை சம்பந்தப்படாத சாதாரண பிறப்பிடச் சான்றிதழ்களை அதுவரை வர்த்தக சங்கங்களும் கொடுத்துவந்தன. மே 6 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு அந்தச் சான்றிதழை மித்தி மட்டுமே கொடுக்கும் என்று அறிவித்தார்கள். ஜூலை 31 அன்று வெளியான அமெரிக்க ஆணையில் மலேசியாவுக்கு 19 விழுக்காடு. வேறு நாட்டுச் சரக்கைச் சுற்றிவிட்டதாகக் கண்டுபிடித்தால் 40 விழுக்காடு என்று இருந்தது. என் பார்வையில் மித்தி செய்தது சரி. 2011-இல் திருகாணிக்கு நேர்ந்தது எல்லாச் சரக்குக்கும் நேர்ந்தால் கிள்ளான் தாங்காது. ஆனால் முத்திரை குத்தும் இடத்தை ஒன்றாக்கியதால் மட்டும் தாளில் இருப்பது உண்மையாகிவிடாது. தாளை நிரப்புவது கீழே உட்கார்ந்திருக்கும் கிராணிதான்.

கிராணி என்றதும் என் அப்பா. அவரும் துறைமுகத்தில் அதே வேலைதான் பார்த்தார். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது நடந்ததை, சென்ற வருடம்தான் எனக்குச் சொன்னார். ஒரு சாயங்காலம் கிடங்கில் பெட்டிகளின் பழைய லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்களாம். முதலாளி தாளை நீட்டி, "கிராணி, கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாராம். அப்பா போடவில்லை. சண்டை போடவும் இல்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்து தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. அடுத்த மேசைக்காரர் போட்டார். பிறகு அந்தச் சரக்கைப் பற்றி விசாரணை வந்தபோது அலைந்தது கையெழுத்துப் போட்டவர்தான், முதலாளி இல்லை. அப்பாவுக்கும் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மேசையிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். "வெயில்தான் கொஞ்சம் கூட" என்றார்.

இதையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். ஆனால் கண்ணாடியை மறைக்கச் சொல்லவில்லை. ஏற்றுமதியாளர் சலுகைச் சான்றிதழ் கேட்கும் முன் மித்தியிடம் விலைப் பகுப்பாய்வு காட்டி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாளில் மூலப்பொருள் எது, எவ்வளவு, எங்கிருந்து என்பதெல்லாம் இருக்கும். "அதைக் கேள். அதைப் பார்த்துத்தான் நிரப்புவேன் என்று மரியாதையாகச் சொல்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அழைத்தான். கேட்டானாம். பார்க்கிறேன் என்றார்களாம். தாள் வரவில்லை. பாரம் இன்னும் அவன் மேசைத் தட்டில்தான் இருக்கிறது, நாடு என்ற கட்டம் காலியாக. அவனை இறக்குமதிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கே1 பாரம் நிரப்புகிறான்.

"அங்கயும் பிறப்பிட நாடுன்னு ஒரு கட்டம் இருக்கு டீச்சர்" என்றான்.